மயக்கமும் உடல்வெப்பமும்

அறுவை சிகிச்சை முடிந்து கண்விழிப்போர் பலர் வலியைச் சொல்வதற்கு முன் குளிரைச் சொல்வர். பற்கள் ஒன்றோடொன்று மோத, தோள்கள் குலுங்க, கட்டில் அதிரும் அளவுக்குச் சிலர் நடுங்குவதும் உண்டு. வெளியே கோடை வெயில் கொளுத்தும் நாளிலும் இது நிகழும். உடனிருக்கும் உறவினர்கள் அரங்கின் குளிர்சாதனத்தைக் குறை கூறுவர். அக்குறையில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் விழித்திருக்கும் ஒருவரை மெல்லிய ஆடையுடன் அதே அரங்கின் மேசையில் ஒரு மணி நேரம் படுக்க வைத்தால், அவர் குளிரை உணர்வாரேயன்றி அவருடைய இதயம், மூளை, கல்லீரல் ஆகியவற்றின் வெப்பநிலை பெரிதும் மாறுவதில்லை. மயக்க மருந்து பெற்றவரின் உள்ளுறுப்புகளோ அதே ஒரு மணி நேரத்தில் 1 முதல் 1.5 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்துவிடுகின்றன. அறை ஒன்றே, குளிர் ஒன்றே. வேறுபடுவது மயக்க மருந்து மட்டுமே.

இதனைப் புரிந்துகொள்ள உடலை இரு பகுதிகளாகக் கருதுவது உதவும். தலை, மார்பு, வயிறு ஆகியவற்றின் உட்பகுதியை உள்ளகம் எனலாம். இங்கு வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். கைகளும் கால்களும் தோலும் புறப்பகுதி. இது பொதுவாக உள்ளகத்தைவிட 2 முதல் 4 டிகிரி வரை குளிர்ந்திருக்கும். இவ்வேறுபாடு தானாக அமைவதன்று. உடல் முயன்று காப்பது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி, தோலிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் உள்ளுறுப்புகளிலிருந்தும் வரும் செய்திகளைத் தொகுத்து வெப்பநிலையைக் கணிக்கிறது. வெப்பம் சற்றே கூடினால் வியர்வையைத் தூண்டுகிறது. சற்றே குறைந்தால் கைகால்களின் இரத்த நாளங்களைச் சுருக்கி, வெம்மையான இரத்தத்தை உள்ளகத்திலேயே நிறுத்திவைக்கிறது. அதுவும் போதாமல் மேலும் ஒரு டிகிரி அளவுக்குக் குறைந்தால் தசைகளை நடுங்கச் செய்து புதிய வெப்பத்தை உண்டாக்குகிறது.

வியர்வை தொடங்கும் எல்லைக்கும் நாளங்கள் சுருங்கத் தொடங்கும் எல்லைக்கும் இடையே உள்ள இடைவெளி வெறும் 0.2 முதல் 0.4 டிகிரி மட்டுமே. இவ்வளவு நுட்பமான காவலை மனித உடல் உறக்கத்திலும் கைவிடுவதில்லை. இக்காவல்கள் அனைத்தையும்விட வலிமையானது ஒன்று உண்டு. குளிர்ந்தால் போர்வையை இழுத்துக்கொள்வது, சன்னலைச் சாத்துவது, வெயிலில் போய் நிற்பது ஆகிய மனிதச் செயல்களே அவை. மேசையில் மயங்கிக் கிடப்பவர் முதலில் இழப்பது இதனைத்தான்.

முழு மயக்கத்தில் ஹைப்போதலாமஸ் செயலிழந்துவிடுவதாகச் சிலர் எண்ணுவர். அது சரியன்று. அது விழித்தே இருக்கிறது. ஆனால் மிகவும் தாமதமாக எச்சரிக்கிறது. ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன் போன்ற சுவாச மயக்க மருந்துகளும், புரோப்போஃபால் போன்று சிரை வழியே செலுத்தப்படும் மருந்துகளும், மார்ஃபின் இனத்தைச் சேர்ந்த வலிநீக்கிகளும் வியர்வைக்கான எல்லையைச் சற்று உயர்த்துகின்றன. நாளச் சுருக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் உரிய எல்லைகளைப் பெரிதும் தாழ்த்துகின்றன. அரை டிகிரிக்கும் குறைவாக இருந்த இடைவெளி 2 முதல் 4 டிகிரி வரை விரிந்துவிடுகிறது. இந்த இடைவெளிக்குள் உடல் வெப்பநிலை எங்கு அலைந்தாலும் மூளை கேள்வி கேட்பதில்லை. அந்நேரத்தில் மனிதர், சுற்றுப்புறத்தின் வெப்பத்துக்கேற்பத் தன் உடல்வெப்பமும் மாறும் ஓணானை ஒத்தவராகிவிடுகிறார்.

கண்விழிக்கும்போது ஏற்படும் நடுக்கத்துக்கும் விளக்கம் இங்கேயே கிடைக்கிறது. மருந்தின் ஆற்றல் குறையக் குறைய எல்லைகள் பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. அப்போது உடலின் வெப்பநிலை 35 டிகிரியில் இருப்பதை ஹைப்போதலாமஸ் திடீரென உணர்கிறது. மூன்று மணி நேரமாகச் செய்யாத வேலையை அது மூன்று நிமிடத்தில் செய்து முடிக்க முனைகிறது. வலியும் மருந்தின் வேறு விளைவுகளும் இந்நடுக்கத்தில் பங்கு கொள்வதுண்டு. எனினும் பெரும்பாலான நேரங்களில் குளிர்ச்சியே முதற்காரணம்.

இனி, முதல் மணி நேரத்தில் வெப்பநிலை அவ்வளவு விரைவாகச் சரிவது எவ்வாறு? உடலைவிட்டு வெளியேறும் வெப்பத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் அச்சரிவை விளக்க அது போதவில்லை. உண்மையில் பெரும்பகுதி வெப்பம் உடலைவிட்டு எங்கும் போகவில்லை. உடலுக்குள்ளேயே இடம் மாறியிருக்கிறது. மயக்க மருந்து செலுத்தப்பட்டவுடன் சுருங்கியிருந்த நாளங்கள் விரிகின்றன. உள்ளகத்தில் காக்கப்பட்ட வெம்மையான இரத்தம் குளிர்ந்திருந்த கைகால்களுக்குப் பாய்கிறது. அங்கிருந்த குளிர்ந்த இரத்தம் உள்ளகத்துக்குத் திரும்புகிறது. கொதித்த பாலில் ஆறிய பாலை ஊற்றினால் மொத்த வெப்பம் குறைவதில்லை. ஆனால் பாத்திரத்தின் சூடு தணிந்துவிடும். அதுபோன்றதே இது. மருத்துவர்கள் இதனை வெப்ப மறுபங்கீடு என்பர். முதல் மணி நேரச் சரிவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இதனால் விளைவது என்று அளவீடுகள் காட்டுகின்றன.

இந்த உண்மையிலிருந்து எதிர்பாராத ஒரு முடிவு கிடைக்கிறது. மயக்கம் கொடுத்தபின் நோயாளியின்மீது எத்தனை போர்வைகளை அடுக்கினாலும் முதல் சரிவைத் தடுக்க இயலாது. போர்வை வெளியேறும் வெப்பத்தைத்தான் தடுக்கும், உள்ளே இடம்பெயரும் வெப்பத்தை அன்று. அதைத் தடுக்க வேண்டுமாயின் மயக்கத்துக்கு முன்பே கைகால்களைச் சூடாக்கிவிட வேண்டும். அரை மணி நேரம் வெப்பக் காற்றுப் போர்வையால் தோலை வெதுவெதுப்பாக்கினால் உள்ளகத்துக்கும் புறப்பகுதிக்கும் உள்ள வேறுபாடு குறைகிறது. பின்னர் நாளங்கள் விரிந்தாலும் ஓடிவந்து நிரப்ப வேண்டிய பள்ளம் பெரிதாக இருப்பதில்லை. நோயாளி குளிரவில்லை என்று சொல்லும் நேரத்தில் அவரைச் சூடாக்குவது வீண்வேலை போலத் தோன்றும். பல மருத்துவமனைகளில் இது செய்யப்படாமலே விடப்படுவதற்கு இத்தோற்றமும் ஒரு காரணம்.

முதல் மணி நேரத்துக்குப் பின் சரிவு மெதுவாகிறது. இப்போது வெப்பம் உண்மையிலேயே வெளியேறத் தொடங்குகிறது. மயக்கத்தில் வளர்சிதை மாற்றம் கால் பங்கு அளவுக்குக் குறைந்திருப்பதால் உண்டாகும் வெப்பம் குறைவு. இழக்கும் வெப்பமோ மிகுதி. இயற்பியலில் பயிலும் வெப்பக்கதிர்வீச்சு, வெப்பச்சலனம், வெப்பக்கடத்தல் ஆகிய மூன்றும் இங்கே ஒருங்கே செயற்படுகின்றன. அவற்றுள் கதிர்வீச்சே பெரும் பங்கைக் கொள்கிறது. அரங்கின் சுவர்கள் தோலைவிடக் குளிர்ந்திருப்பதே அதற்குப் போதும். இவற்றோடு ஆவியாதலும் சேர்கிறது. திறந்த வயிற்றிலிருந்து ஈரம் ஆவியாகும்போதும், தோலைத் தூய்மை செய்யப் பூசிய மருந்து உலரும்போதும் வெப்பம் உடன் செல்கிறது. சிரை வழியே ஏற்றப்படும் நீர்மங்களும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. அறை வெப்பநிலையில் உள்ள ஒரு லிட்டர் உப்புநீர்க் கரைசலோ, குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ஓர் அலகு இரத்தமோ ஒரு பெரியவரின் சராசரி உடல்வெப்பநிலையை ஏறத்தாழ 0.25 டிகிரி குறைக்கும். ஆறு அலகு இரத்தம் ஏற்றப்படும் விபத்து நோயாளியின் நிலையை இதிலிருந்து உணரலாம்.

மூன்று நான்கு மணி நேரத்துக்குப் பின், வெப்பநிலை 34.5 டிகிரியை நெருங்கும்போது, தாழ்ந்துபோன எல்லையை ஒருவழியாக உடல் தொடுகிறது. நாளங்கள் சுருங்குகின்றன, சரிவு நிற்கிறது. தாமதமாக வந்தாலும் காவலர் வந்துவிட்டார் எனலாம்.

தண்டுவட மயக்கத்தில் அந்தக் காவலர் வருவதே இல்லை. 1898ஆம் ஆண்டு ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்னும் அறுவை மருத்துவர் தொடங்கிவைத்த முறை இது. கீழ்முதுகில் ஊசி வழியே தண்டுவட நீர்மத்துள் மருந்து செலுத்தப்படும். இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் அற்றுப்போகும். நோயாளியோ விழித்திருந்து உரையாடுவார். மகப்பேற்று அறுவை சிகிச்சைகளும் முழங்கால் அறுவைகளும் இன்று பெரும்பாலும் இம்முறையில்தான் நடைபெறுகின்றன. மூளைக்கு மருந்து செல்லாததால் வெப்பக் கட்டுப்பாடு பாதுகாப்பாக இருக்கும் என எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் நடப்பது வேறு.

ஊசி மருந்து நரம்புப் பாதையை இருவழியிலும் அடைக்கிறது. மூளையிலிருந்து கீழே செல்லும் ஆணைகள் கால்களின் நாளங்களை எட்டுவதில்லை. அவை விரிந்தே கிடக்கின்றன. வெப்ப மறுபங்கீடு இங்கும் நிகழ்கிறது. கால் தசைகள் செயலற்றிருப்பதால் நடுங்கவும் இயலாது. மார்பும் தோள்களும் மட்டும் நடுங்கி உண்டாக்கும் வெப்பம் போதுமானதன்று. மறுபுறம், கால்களிலிருந்து மேலே செல்ல வேண்டிய செய்திகளும் நின்றுவிடுகின்றன. இயல்பாகக் கால்களின் தோலிலிருந்து மூளைக்கு இடையறாது வந்துகொண்டிருப்பவை பெரும்பாலும் குளிர்ச் செய்திகளே. அவை திடீரென நின்றுபோனால், கால்கள் வெதுவெதுப்பாகிவிட்டன என மூளை பொருள்கொள்கிறது. மூளைக்கு மருந்தே செல்லாதபோதும் நாளச் சுருக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் உரிய எல்லைகள் ஏறத்தாழ 0.6 டிகிரி தாழ்ந்துவிடுகின்றன. ‘குளிர்கிறதா?’ என்று மருத்துவர் கேட்டால், ‘இல்லை, இதமாக இருக்கிறது’ என்று நோயாளி விடையளிக்கக்கூடும். அந்நேரத்தில் அவருடைய உள்ளக வெப்பநிலை இறங்கிக்கொண்டிருக்கலாம்.

பேசும் நோயாளியின் சொல்லை நம்புவது மனித இயல்பு. மயக்கத்தில் ஆழ்ந்தவருக்கு வெப்பமானி வைக்க மறவாத மருத்துவரும், விழித்திருப்பவருக்கு அதனைத் தவிர்த்துவிடுவதுண்டு. இவ்விடத்தில்தான் தண்டுவட மயக்கம் முழு மயக்கத்தைவிட ஏமாற்றும் தன்மை கொண்டதாகிறது. நெடுநேர அறுவைகளில் கால்களின் நாளங்கள் சுருங்க இயலாமையால் சரிவு நிற்பதற்கான இடமும் இல்லை. இரு முறைகளையும் ஒருங்கே கையாளும்போது, அதாவது முழு மயக்கத்தோடு வலிநீக்கத்துக்காக எபிடியூரல் குழாயும் பொருத்தும்போது, இரண்டின் குறைகளும் சேர்ந்துவிடுகின்றன. கையை மட்டும் மரத்துப்போகச் செய்யும் நரம்பு அடைப்பு முறையில் இத்தொல்லை மிகக் குறைவு. முழு மயக்க மருந்துகளுள் கீட்டமின் ஒரு விதிவிலக்கு. அது நாளங்களை விரியவிடாமல் காப்பதால் முதல் சரிவு அதில் குறைவாக இருக்கிறது.

ஓரிரு டிகிரி குறைந்தால் என்ன என்ற வினா எழலாம். இரத்தம் உறைவதற்கு உதவும் நொதிகள் வெப்பநிலையைச் சார்ந்தவை; இரத்தத் தட்டுகளின் செயலும் குளிரில் மந்தமாகும். தோலின் நாளங்கள் சுருங்குவதால் காயத்துக்குப் போதிய ஆக்சிஜன் செல்வதில்லை. கிருமிகளை அழிக்க வேண்டிய வெள்ளையணுக்களின் ஆற்றல் குறைகிறது. மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரலின் வேகமும் தணிவதால் தசைதளர்த்தி மருந்துகளின் விளைவு நெடுநேரம் நீடிக்கிறது. 1996ஆம் ஆண்டு ஆன்ட்ரியா குர்ஸ், டேனியல் செஸ்லர், ரைனர் லென்ஹார்ட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் போக்கையே மாற்றியது. பெருங்குடல் அறுவைக்கு உட்பட்ட 200 பேரில் ஒரு பிரிவினர் சூடாக்கப்பட்டனர். மற்றவர் வழக்கம்போல் குளிரவிடப்பட்டனர். குளிர்ந்தவர்களின் சராசரி உள்ளக வெப்பநிலை 34.7 டிகிரி, மற்றவர்களுடையது 36.6 டிகிரி. காயத்தில் கிருமித்தொற்று குளிர்ந்தவர்களில் 19 விழுக்காட்டினருக்கும் சூடாக்கப்பட்டவர்களில் 6 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டது. இரண்டு டிகிரிக்கும் குறைவான வேறுபாட்டின் விலை இது. அதே ஆண்டில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை பற்றி வெளிவந்த மற்றோர் ஆய்வில், குளிர்ந்தவர்கள் ஏறத்தாழ அரை லிட்டர் இரத்தத்தைக் கூடுதலாக இழந்தனர்.

இவ்வாய்வுகளுக்குப் பின், எவ்வளவுக்கு எவ்வளவு வெப்பமோ அவ்வளவுக்கு அவ்வளவு நன்மை என்ற எண்ணம் பரவியது. 2022இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு அதற்கு ஓர் எல்லை வகுத்தது. சீனாவின் 12 மருத்துவமனைகளிலும் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் மருத்துவமனையிலும் 5,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த அவ்வாய்வில், 35.5 டிகிரியில் காக்கப்பட்டவர்களுக்கும் 37 டிகிரியில் காக்கப்பட்டவர்களுக்கும் இதயப் பாதிப்பிலோ தொற்றிலோ இரத்தத் தேவையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பழைய ஆய்வு பொய்த்துவிட்டது என்று இதற்குப் பொருளன்று. முன்னதில் நோயாளிகள் 35 டிகிரிக்கும் கீழே சென்றனர்; பின்னதில் எவரையும் அவ்வாறு செல்லவிடுவது நோக்கமன்று. பள்ளத்தில் விழாமல் காப்பது இன்றியமையாதது; மேட்டின் உச்சியில் நிறுத்துவது அவ்வளவு தேவையில்லை என்று மட்டுமே கொள்ளலாம். முதியவர்களும் பச்சிளங்குழந்தைகளும் இப்பள்ளத்தின் விளிம்புக்கு மிக அருகில் நிற்பவர்கள். முதியவர்களின் எல்லைகள் மயக்கத்தில் மேலும் தாழ்கின்றன. குழந்தைகளுக்கு எடையை நோக்கத் தோற்பரப்பு மிகுதி. நடுங்காமலே பழுப்புக் கொழுப்பை எரித்து வெப்பம் உண்டாக்கும் அவர்களது தனித்திறனையும் மயக்க மருந்து முடக்கிவிடுகிறது.

இந்தக் குறையையே கருவியாக்கிக் கொண்டவர்களும் உண்டு. இதயத்தைத் திறந்து அறுவை செய்ய வேண்டுமாயின் இரத்த ஓட்டத்தை நிறுத்த வேண்டும். இயல்பான வெப்பநிலையில் மூளை ஏறத்தாழ நான்கு நிமிடங்களுக்கு மேல் அதனைத் தாங்காது. உடலைக் குளிர்வித்தால் ஆக்சிஜன் தேவை குறையும். ஆனால் விழித்திருக்கும் உடல் நடுங்கி எதிர்த்துப் போராடும். தேவை கூடுமேயன்றிக் குறையாது. மயக்கம் அந்த எதிர்ப்பை அடக்குகிறது. 1952 செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் லூயிஸ் தலைமையிலான குழுவினர் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை மயக்கத்தில் ஆழ்த்தி, குளிர்ப் போர்வைகளால் 28 டிகிரி வரை குளிர்வித்து, ஐந்தரை நிமிடங்களுக்கு இரத்த ஓட்டத்தை நிறுத்தி, இதய மேலறைகளுக்கு இடையே இருந்த துளையைத் தைத்தனர். சிறுமி பிழைத்தாள்.

மயக்கத்தில் வெப்பம் குறைவதே வழக்கம். மிக அரிதாகச் சிலருக்கு அது தலைகீழாக நிகழ்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் கால் முறிந்து மருத்துவமனைக்கு வந்த 21 வயது மாணவர் ஒருவர், முறிவைக் காட்டிலும் மயக்க மருந்துக்கே பெரிதும் அஞ்சினார். தம் உறவினர்களில் பத்துப் பேர் ஈதர் மயக்கத்தில் இறந்தனர் என்றார். ஈதரைத் தவிர்த்து, அந்நாளில் புதிதாக வந்திருந்த ஹாலோத்தேன் கொடுக்கப்பட்டது. சிறிது நேரத்தில் நாடி விரைந்தது, இரத்த அழுத்தம் வீழ்ந்தது, உடல் கொதித்தது. மருந்தை நிறுத்தி, பனிக்கட்டியால் அவரைச் சூழ்ந்து மருத்துவர்கள் காப்பாற்றினர். டென்பரோ, லவெல் ஆகிய இருவரும் 1960இல் இதனை மருத்துவ இதழ் ஒன்றில் கடிதமாக வெளியிட்டனர். தனித்தனி விபத்துகளாகக் கருதப்பட்ட மரணங்கள் ஒரு பரம்பரை நோயின் விளைவுகள் என்பது அப்போதுதான் புலனாயிற்று.

இங்கே தவறுவது ஹைப்போதலாமஸ் அன்று, தசை. தசை நாருக்குள் கால்சியம் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதனை வெளிவிடும் வாயில் ஒரு புரதம். அப்புரதத்துக்குரிய மரபணுவில் பிறழ்வு உள்ளவர்களுக்குச் சில மயக்க மருந்துகள் பட்டதும் வாயில் திறந்தது திறந்தபடியே நின்றுவிடுகிறது. கால்சியம் பெருகத் தசைகள் ஓயாது சுருங்கி இறுகுகின்றன. வெப்பமும் கார்பன் டைஆக்சைடும் அமிலமும் உடலில் குவிகின்றன. வெப்பமானி உயர்வதற்கு முன்பே வெளிமூச்சில் கார்பன் டைஆக்சைடு ஏறுவதைக் கருவி காட்டுவதுண்டு. விழிப்புள்ள மருத்துவர் அதிலேயே ஐயம் கொள்வார். ஹாலோத்தேன், ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன் ஆகிய சுவாச மருந்துகளும் சக்சினைல்கோலின் என்னும் தசைதளர்த்தியும் இதனைத் தூண்டக்கூடியவை. புரோப்போஃபாலும் தண்டுவட மருந்துகளும் தூண்டுவதில்லை. வெப்பத்தை ஏமாற்றிச் சரியவிடும் தண்டுவட மயக்கம் இத்தகைய குடும்பத்தினருக்குப் பாதுகாப்பான முறையாகிறது.

ஒரு காலத்தில் இந்நோய்க்கு ஆளானவர்களில் பத்தில் ஏழெட்டுப் பேர் இறந்தனர். தென்னாப்பிரிக்காவின் ஹாரிசன் என்பவர், இதே குறையுள்ள பன்றிகளை டான்ட்ரோலீன் என்னும் மருந்து காப்பதை 1975இல் காட்டினார். அம்மருந்து பயன்பாட்டுக்கு வந்தபின் இறப்பு பெரிதும் குறைந்தது. ஆயினும் அதைக் கையாள்வது எளிதன்று. ஒரு குப்பியில் 20 மில்லிகிராம் தூளே இருக்கும். அதனை 60 மில்லிலிட்டர் நீரில் குலுக்கிக் கரைக்க வேண்டும். 70 கிலோகிராம் எடையுள்ளவருக்கு முதல் தவணைக்கே ஒன்பது குப்பிகள் தேவை. அந்நேரத்தில் அரங்கில் உள்ள அத்தனை கைகளும் குப்பிகளைக் குலுக்கிக்கொண்டிருக்கும். அந்நிலை வராமலிருக்கவே, அறுவைக்கு முன் நோயாளியைக் காண வரும் மயக்கவியல் மருத்துவர், ஒவ்வாமை, உணவு உண்ட நேரம் ஆகியவற்றோடு இன்னொன்றையும் தவறாமல் கேட்கிறார்: இரத்த உறவினர் எவரேனும் மயக்க மருந்தின்போது காரணம் தெரியாமல் இறந்ததுண்டா?